ஹெட் ஃபேசிங் செய்தால் கேம் டைமிங் என்ன ஆகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலிண்டர் ஹெட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அந்தப் பாதியும் சத்தத்தில் போய்விடுகிறது. ஆகவே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

ஹெட் ஃபேசிங் என்றால் அடிப்பக்கத்தைச் சமமாக்குவதுதானே? அதற்கும் டைமிங்குக்கும் என்ன சம்பந்தம்?

சமமாக்குவதுதான். என்ஜின் சூடேறி, அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட்டுக்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் வழியாகத் தண்ணீரோ கம்ப்ரஷனோ கசியத் தொடங்கியதும் ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவருகிறீர்கள். நாங்கள் அதன் கீழ்முகத்தை மெஷினில் வைத்து, மேடு பள்ளம் போகும்வரை மெல்லிய படலமாகச் சீவி எடுக்கிறோம். பட்டறைக்காரர் "பாயிண்ட் மூன்று எடுத்தேன்" என்றால் 0.3 மி.மீ. சீவியிருக்கிறார் என்று பொருள்.

சீவிய அளவுக்கு ஹெட் உயரம் குறைந்துவிட்டது. அதன் மேல் உட்கார்ந்து வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டும் அதே அளவு கீழே இறங்கிவிட்டது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் கீழே இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் செயினோ பெல்ட்டோ நீளம் குறையவில்லை. மிஞ்சிய அந்தத் துளி நீளம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே கேம் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், மாறுகிறது.

என்னுடையது பழைய அம்பாசடர். அதிலும் இப்படித்தானா?

இல்லை. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினிலும், பிரீமியர் பத்மினியின் 1089 சிசி என்ஜினிலும் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. பழைய புல்லட்டிலும் கேம் கீழேதான். அங்கிருந்து நீளமான தள்ளுகம்பிகள் வால்வுகளை இயக்குகின்றன. ஹெட்டை எவ்வளவு சீவினாலும் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் மாறாது, டைமிங்கும் மாறாது.

ஆனால் ஹெட் இறங்கியதால் தள்ளுகம்பி இருந்ததைவிட நீளமாகிவிட்டது போல ஆகும். டாப்பெட் இடைவெளி, அதாவது மூடிய வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் சிறு சந்து, சுருங்கும். திருகு வைத்துச் சரிசெய்யும் டாப்பெட் என்றால் திரும்ப அளந்து வைத்துவிடலாம். யூசிஇ (என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) புல்லட்போல ஹைட்ராலிக் டாப்பெட் உள்ளவற்றில் திருகு கிடையாது. உள்ளே இருக்கும் சிறு பிஸ்டன் கூடுதலாக அமுங்கி நிற்கும். அதிகம் சீவி அது அடிமட்டத்துக்கே போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. இந்த வகை வண்டிக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதற்குமேல் அதிக வேலையில்லை. இனி வருவதெல்லாம் ஹெட்டின் மேல் கேம் இருக்கும் என்ஜின்களுக்கு: மாருதி 800, ஸ்பிளெண்டர், இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்கள், பைக்குகள்.

தளர்ந்த செயினை டென்ஷனர்தான் இழுத்துக்கொள்ளுமே. பிறகு டைமிங் எப்படி மாறும்?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி தொங்கும் பக்கம் கயிறு விறைப்பாக நிற்கிறது. மறுபக்கம் தொளதொளவென்று கிடக்கிறது. டைமிங் செயினுக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. கிராங்க் கேமை இழுப்பது ஒரு பக்கத்தால். அதை இழுப்புப் பக்கம் என்போம். மற்றது தளர்வுப் பக்கம். செயினை அழுத்தி இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் எப்போதும் தளர்வுப் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு கேமை 0.5 மி.மீ. இறக்குங்கள். இரண்டு பக்கமும் அரை மில்லி தளர்கின்றன. தளர்வுப் பக்கத்தின் தளர்ச்சியை டென்ஷனர் நேராக எடுத்துக்கொள்கிறது. இழுப்புப் பக்கத்தின் தளர்ச்சியை அது எடுக்க ஒரே ஒரு வழிதான்: கேம் பல்சக்கரத்தைச் சுழற்றி, அந்த அரை மில்லியைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும். அப்படிச் சுழலும் திசை, கேம் ஓடும் திசைக்கு எதிர்த் திசை. செயினில் தொய்வே தெரியாது, டென்ஷனர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் கேம் கொஞ்சம் பின்னுக்குத் திரும்பிவிட்டது. வால்வுகள் திறப்பதும் மூடுவதும் அவ்வளவு பிந்துகின்றன.

முந்தாதா? எங்கள் மெக்கானிக் "டைமிங் முந்திவிட்டது" என்றாரே.

ஹெட்டைச் சீவினால் கேம் பிந்தும். என்ஜின் எந்தத் திசையில் சுற்றினாலும் பிந்தத்தான் செய்யும். டென்ஷனர் தளர்வுப் பக்கத்தில் இருப்பதே அதற்குக் காரணம்.

மெக்கானிக் பொய் சொல்லவில்லை, வேறொன்றைச் சொல்கிறார். ஹெட் இறங்கினால் எரியறை சிறுத்து கம்ப்ரஷன் ஏறும். கம்ப்ரஷன் ஏறினால், பளு ஏற்றும்போது என்ஜின் கடகடவென்று தட்டும். அந்தத் தட்டல் இக்னிஷன் முந்தினால் வரும் தட்டல்போலவே இருக்கும். காதில் விழுந்ததை வைத்து "முந்திவிட்டது" என்கிறார். பிளக் எரிவது இக்னிஷன் டைமிங். வால்வு திறப்பது கேம் டைமிங். நம்மூரில் இரண்டையும் "டைமிங்" என்ற ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பதால் வந்த குழப்பம் இது.

எவ்வளவு மாறும்? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு நீளம் பெல்ட்டை இழுக்கும்? கிராங்க் பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையை, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரத்தால் பெருக்குங்கள், அதுதான். அந்த நீளத்துக்கு 360 டிகிரி என்றால், சீவிய அளவுக்கு எத்தனை டிகிரி? 360-ஐச் சீவிய அளவால் பெருக்கி, அந்த நீளத்தால் வகுத்தால் விடை.

ஒரு கார் என்ஜினில் 8 மி.மீ. பல் இடைவெளியுள்ள பெல்ட், கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 160 மி.மீ. 0.2 மி.மீ. சீவினால் 0.45 டிகிரி. 0.5 மி.மீ. என்றால் 1.1 டிகிரி. ஒரு முழு மில்லி சீவினாலும் 2.25 டிகிரிதான். இவை கிராங்க் டிகிரி. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கேமில் அளந்தால் இதில் பாதி.

பைக்கில் சக்கரம் சின்னது, ஆகவே விளைவு பெரியது. 6.35 மி.மீ. இடைவெளியுள்ள மெல்லிய செயின், கிராங்கில் 14 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 88.9 மி.மீ. அதே 0.5 மி.மீ. சீவல் இங்கே 2 டிகிரி ஆகிவிடுகிறது. உங்கள் வண்டியில் பற்களை நீங்களே எண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள். இழுப்புப் பக்கம் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து ஓடினால் விடை கொஞ்சம் குறையும். 20 டிகிரி சாய்வுக்குக்கூட நூற்றுக்கு ஆறுதான் குறைகிறது, அதனால் அதை மறந்துவிடலாம்.

பிளாக்கின் மேல்முகத்தைச் சீவியிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். பைக்கில் சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேஸ் கேஸ்கெட்டை மெல்லியதாக மாற்றினால் அதுவும் இதே கணக்கில் சேரும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பல்சக்கரத்தில் பொருத்திப் பார்க்கும் டைமிங் மார்க் சரியாக நிற்கவில்லை அண்ணா. ஒரு பல் தள்ளிப் போட்டுவிடட்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன கார் என்ஜினில் ஒரு பல் என்பது 18 கிராங்க் டிகிரி. 1 டிகிரி பிந்தியதைச் சரிசெய்யப் போய் 17 டிகிரி முந்த வைத்துவிடுவீர்கள். பைக்கில் ஒரு பல் ஏறக்குறைய 26 டிகிரி. ஹெட் ஃபேசிங்குக்காகப் பல் தள்ள வேண்டிய என்ஜின் எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

ஆனால் மார்க் கிட்டத்தட்ட அரைப் பல் விலகி நிற்கிறதே? நீங்கள் அதிகமாகச் சீவிவிட்டீர்கள்.

சண்டைக்கு வருகிறவர்கள் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கேம் பல்சக்கரம் பின்னுக்குத் திரும்பும் அளவு, அதன் பல் விளிம்பில் அளந்தால், சீவிய அளவேதான். 0.3 மி.மீ. சீவினால் மார்க் 0.3 மி.மீ. நகரும். கோட்டின் தடிமனே அதைவிட அதிகம் இருக்கும். 8 மி.மீ. பெல்ட்டில் அரைப் பல் என்றால் 4 மி.மீ. அவ்வளவு சீவியிருந்தால் ஹெட் உங்கள் கையில் இருந்திருக்காது, பழைய இரும்புக் கடையில் இருந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மார்க் விலகினால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். பெல்ட்டை மாட்டும்போது இழுப்புப் பக்கத்தில் தொய்வு விட்டு மாட்டியிருக்கலாம். பெல்ட்டோ பல்சக்கரமோ வேறு மாடலுக்கு உரியதாக இருக்கலாம். பல்சக்கரம் கிராங்கில் நழுவாமல் பிடித்திருக்கும் சாவித்துண்டு தேய்ந்திருக்கலாம். கேம் மார்க்கை வைக்க வேண்டிய இடத்தையே மாற்றிப் பார்த்திருக்கலாம். ஒருவர் இப்படிக் கோபமாக வந்தார். போய்ப் பார்த்தால், கிராங்க் புல்லியின் வெளி வளையம் உள்ளே இருக்கும் ரப்பரில் வழுக்கித் திரும்பியிருந்தது. டைமிங் மார்க் இருந்தது அந்த வளையத்தில். கேம் சரியான இடத்தில்தான் இருந்தது, கிராங்க் மார்க்தான் பொய் சொன்னது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பிஸ்டன் உண்மையில் உச்சியில் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அவருக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

எதுவானாலும், பெல்ட் மாட்டியபின் ஸ்பேனர் வைத்துக் கிராங்கை அது ஓடும் திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு மார்க்கைப் பாருங்கள். பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தால் தளர்ச்சி இழுப்புப் பக்கம் வந்து நின்று ஏமாற்றும்.

1 டிகிரி பிந்தினால் ஓட்டும்போது தெரியுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. உள்ளே நடப்பது இதுதான்: காற்றை உள்ளே விடும் வால்வு பிந்தி மூடுகிறது. குறைந்த வேகத்தில், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியபிறகும் வால்வு கொஞ்சம் திறந்திருப்பதால், வந்த கலவையில் சிறிது திரும்பி வெளியே போகிறது. கீழ் வேக இழுவை ஒரு துளி குறைகிறது. மேல் வேகத்தில் காற்றுக்கு வேகம் இருப்பதால் அந்தத் தாமதமே கொஞ்சம் நன்மையாகிறது. 3, 4 டிகிரி பிந்தினால் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போது உணரலாம். அதற்கு 1 மி.மீ.க்கு மேல் சீவியிருக்க வேண்டும்.

கம்ப்ரஷன் கூடுவதுதான் முதலில் தெரியும். மாருதி 800-ன் பழைய 796 சிசி என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள்: சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9 என்று வைத்தால் எரியறைக்கு 33 சிசி வரும். 0.3 மி.மீ. சீவினால் அதிகபட்சம் 1.1 சிசி போய்விடும், விகிதம் 9.27 அருகே ஏறும். கீழ் வேகத்தில் கேம் பிந்தியதால் இழந்ததை இது கொஞ்சம் ஈடுகட்டிவிடுகிறது. ஃபேசிங்குக்குப் பிறகு "வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது" என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். கசிந்துகொண்டிருந்த கேஸ்கெட் அடைபட்டது அதைவிடப் பெரிய காரணம்.

ஃபேசிங் செய்த பிறகுதான் பிக்கப் குறைந்தது. அப்படியானால் அது எதனால்?

பழைய டைமிங் செயினையே திரும்ப மாட்டினீர்களா? செயின் தேய்ந்தால் நீளும். ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் தேய்வதால் வரும் நீளம் அது. இழுப்புப் பக்கம் 300 மி.மீ. இருந்து, நூற்றுக்கு அரை நீண்டிருந்தால் 1.5 மி.மீ. ஆகிறது. மேலே சொன்ன அதே கணக்கில் போட்டால் கார் என்ஜினுக்கு 3.4 டிகிரி. அதுவும் பிந்தும் திசையிலேயே. 0.3 மி.மீ. சீவிய ஹெட்டின் மேல் இதைச் சேர்த்தால், குற்றம் யாருடையது என்று பாருங்கள். ஹெட்டைப் பிரிக்கும் நாளில் செயினும் வழிகாட்டிப் பட்டைகளும் தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ரப்பர் பெல்ட்டில் உள்ளே கண்ணாடி இழை நாண்கள் ஓடுவதால் அது இப்படி நீள்வதில்லை.

செயின் புதிது என்றால், திரும்ப மாட்டும்போது கழன்ற வேக்குவம் குழாய், சரியாக அமராத இன்லெட் கேஸ்கெட், உட்காராத வால்வு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கம்ப்ரஷன் அளவி வைத்து மூன்று சிலிண்டரையோ நான்கையோ ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

தடித்த கேஸ்கெட் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

கிட்டத்தட்ட ஆகிவிடும். 0.3 மி.மீ. சீவிய ஹெட்டுக்கு 0.3 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள கேஸ்கெட் போட்டால் கேம் பழைய உயரத்துக்கு வந்துவிடும். டைமிங்கும் கம்ப்ரஷனும் சேர்ந்தே திரும்பும். இதற்கென்றே சில என்ஜின்களுக்கு ஓவர்சைஸ் கேஸ்கெட் கிடைக்கிறது. போல்ட்டை முறுக்கியபின் அமுங்கி நிற்கும் தடிமன்தான் கணக்கு. உறையிலிருந்து எடுத்ததும் அளப்பது கணக்கல்ல.

இதன் மறுபக்கம்: ஹெட்டைத் தொடாமலே, மூல கேஸ்கெட்டைவிட மெல்லிய மாற்றுச் சரக்கைப் போட்டால் டைமிங் பிந்தும், தடித்ததைப் போட்டால் முந்தும். டைமிங்கைப் பொறுத்தவரை கேஸ்கெட்டும் ஹெட்டும் ஒரே உயரக் கணக்குதான். சாதாரண கேஸ்கெட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வைத்தவர்கள் மறுபடி என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இரண்டு கேம்ஷாஃப்ட் உள்ள என்ஜினில் எந்தக் கேம் மாறும்?

இரண்டும், ஒரே அளவு. இரண்டு கேமுக்கும் இடையிலுள்ள தூரம் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. சீவினாலும் அது மாறாது. முதல் கேம் எவ்வளவு பின்னுக்குத் திரும்புகிறதோ, அதைத் தொடர்ந்து வரும் இரண்டாவதும் அவ்வளவே திரும்பும்.

வி வடிவ என்ஜின்களில் கதை வேறு. ஒரே பெல்ட் இரு ஹெட்டுகளையும் சுற்றி ஓடினால், இழுப்புப் பக்கத்தில் முதலில் வரும் ஹெட் ஒரு பங்கு பிந்தும். அடுத்த ஹெட்டுக்குப் போகும் வழியும் சுருங்கியிருப்பதால் அது கூடுதலாகப் பிந்தும். இரண்டு பக்கச் சிலிண்டர்களும் வெவ்வேறு டைமிங்கில் ஓடும். இரண்டு ஹெட்டையும் ஒரே அளவு சீவினாலும் இந்த வேறுபாடு வரும் என்பதுதான் பலர் எதிர்பார்க்காதது.

ஹெட்டைச் சீவினால் டாப்பெட் இடைவெளி மாறுமா?

மேலே கேம் உள்ள என்ஜினில் மாறாது. கேமும் வால்வும் ஒரே ஹெட்டில் சேர்ந்தே இறங்குகின்றன. மாறியிருந்தால், வால்வு சீட் வெட்டியதாலோ வால்வை அரைத்ததாலோ மாறியிருக்கும். தள்ளுகம்பி என்ஜினுக்கு இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

வால்வு பிஸ்டனில் இடிக்குமா?

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, புகை வெளியேறும் வால்வு மூடிக்கொண்டிருக்கும், காற்று நுழையும் வால்வு திறக்கத் தொடங்கும். ஹெட் இறங்கியதால் இரண்டுமே பிஸ்டனுக்கு நெருங்கிவிட்டன. இதோடு கேம் பிந்தியதையும் சேர்த்துப் பாருங்கள். நுழையும் வால்வு பிந்தித் திறப்பதால் அதற்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. வெளியேறும் வால்வு பிந்தி மூடுவதால், ஏறி வரும் பிஸ்டனுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே ஆபத்து வெளியேறும் வால்வுக்குத்தான் அதிகம்.

சாதாரண பெட்ரோல் காரில் 0.2, 0.3 மி.மீ. சீவலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதிகம் சீவியிருந்தாலோ, உயரமான கேம் போட்டிருந்தாலோ, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிவைத்து, ஹெட்டை மாட்டிக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பிரித்து, களிமண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே வெட்டி அளந்து பாருங்கள். நுழையும் வால்வுக்கு 2 மி.மீ., வெளியேறும் வால்வுக்கு 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது பந்தய என்ஜின் கட்டுகிறவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கைக்கணக்கு.

டீசல் தனி. அதன் வால்வுகள் பிஸ்டனுக்கு நேரெதிராகத் தட்டையாக நிற்கின்றன. இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் பல டீசல் ஹெட்டுகளுக்கு "சீவக்கூடாது" என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கம். கேஸ்கெட் விளிம்பில் இருக்கும் வெட்டுகளோ துளைகளோ அந்தத் தடிமனின் அடையாளம். அவற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இக்னிஷன் டைமிங்கும் சேர்ந்து மாறுமா?

கார்ப்பரேட்டர் காலத்து என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம்ஷாஃப்ட்டே சுழற்றினால், அதுவும் அதே அளவு பிந்தும். கம்ப்ரஷன் ஏறிய என்ஜினுக்கு இக்னிஷன் துளி பிந்துவது நல்லதுதான். ஆனாலும் டைமிங் விளக்கு வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். கிராங்க் சென்சாரைப் பார்த்து ஸ்பார்க் கொடுக்கும் புதிய என்ஜின்களில் மாறாது.

பெல்ட்டிலேயே டீசல் பம்பும் ஓடுகிறது. அதன் டைமிங்?

பெல்ட் போகும் வழியைப் பாருங்கள். கிராங்கிலிருந்து இழுப்புப் பக்கமாகப் போகும்போது பம்ப் கேமுக்கு முன்னால் வந்தால் ஒன்றும் ஆகாது. கிராங்கும் பம்பும் பிளாக்கிலேயே இருக்கின்றன. கேமைச் சுற்றிவிட்டுப் பம்புக்கு வந்தால் பம்பும் பிந்தும். பழைய ரோட்டரி பம்பில் அது புகையாகவும் சோம்பலாகவும் தெரியும். பம்பைத் திருப்பிச் சரிசெய்யலாம். காமன் ரெயிலில் எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினி முடிவுசெய்வதால் இந்தக் கவலை குறைவு.

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0016 என்று வருகிறது. ஃபேசிங்தான் காரணமா?

அந்தக் குறியீட்டின் பொருள், கிராங்க் சென்சார் சொல்வதும் கேம் சென்சார் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது. அரை டிகிரி, ஒரு டிகிரிக்கெல்லாம் அது வருவதில்லை. முதலில் ஒரு பல் தவறியிருக்கிறதா, செயின் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நீண்டு எல்லையில் நின்ற செயினை ஃபேசிங் அந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்பதும் நடக்கும். அப்போதும் மாற்ற வேண்டியது செயினைத்தான்.

ஓடும்போதே கேமைத் திருப்பும் விவிடி அமைப்பு இருந்தால், கேம் ஓய்வில் நிற்கும் இடத்தைக் கணினி அளந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து தனக்கு வேண்டிய கோணத்துக்குத் திருப்புகிறது. சிறு பிழை அதிலேயே மறைந்துவிடும். விவிடி இல்லாத என்ஜினில்தான் அது அப்படியே நிற்கும்.

பிந்தியதைச் சரியாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால்?

கேஸ்கெட் வழி கிடைக்காதபோது, திருப்பி வைக்கக்கூடிய கேம் பல்சக்கரம் போடலாம்: நடுப்பகுதியும் பல் வளையமும் தனித்தனி, போல்ட்டைத் தளர்த்தி ஒன்றிரண்டு டிகிரி திருப்பிக்கொள்ளலாம். அல்லது மையம் விலகிய ஊசியோ சாவியோ செய்து மாட்டலாம். இருக்கும் பல்சக்கரத்தின் போல்ட் துளையை அரம் வைத்து நீட்டுவதை நான் செய்து தருவதில்லை.

திருப்புவதற்கு முன் அளந்தாக வேண்டும், மார்க்கை நம்பக்கூடாது. கிராங்கில் டிகிரி வட்டு, நுழையும் வால்வின் மேல் டயல் கேஜ், பிஸ்டன் உச்சியைத் துல்லியமாகப் பிடிக்க ஒரு தடுப்பு. வால்வு முழுதாகத் திறப்பதற்கு 1 மி.மீ. குறைவாக இருக்கும்போது டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுதாகத் திறந்து, மூடும் வழியில் அதே 1 மி.மீ. குறையும்போது மறுபடி குறியுங்கள். முதலாவது 72, இரண்டாவது 148 என்றால் நடு 110. கையேடு 108 என்றால் கேம் 2 டிகிரி பிந்தியிருக்கிறது. கேமின் உச்சியில் வால்வு அசையாமல் நிற்கும் நேரம் நீளம் என்பதால்தான் உச்சியை நேராகத் தேடாமல் இப்படி இரு பக்கமும் அளந்து பாதி எடுக்கிறோம்.

அன்றாடம் ஓட்டும் காருக்கு, அரை மில்லிக்குள் சீவியிருந்தால், இந்தச் செலவு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஹெட் நன்றாக வளைந்திருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் சீவிச் சமமாக்கிவிடுங்கள், போதுமா?

போதாது. டைமிங்கைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள், இதைக் கேட்பவர் ஒருவர். ஹெட் வளையும்போது கீழ்முகம் மட்டும் வளைவதில்லை. மேலே கேம்ஷாஃப்ட் உட்காரும் துளைகளும் சேர்ந்து வளைகின்றன. கீழே சீவினால் கீழ்முகம் நேராகும், மேலே கோணல் அப்படியே இருக்கும். அந்தக் கோணலில் நேரான கேமைப் போட்டு முறுக்கினால் அது இறுகும், தாங்கும் இடங்களைத் தின்னும், சில சமயம் உடையும்.

நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து முதலில் அளக்க வேண்டும். பல சிறிய கார்களின் கையேட்டில் வளைவுக்கு எல்லை 0.05 மி.மீ. அதைப்போல் பல மடங்கு வளைந்த ஹெட்டை முதலில் சூடேற்றி நிமிர்த்த வேண்டும், பிறகுதான் சீவ வேண்டும். அல்லது கேம் துளைகளையும் வரிசைப்படுத்திக் குடைய வேண்டும். நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: ராக்கர்களையோ டாப்பெட்டுகளையோ கழற்றிவிட்டு, கேமை மட்டும் எண்ணெய் விட்டு மாட்டி, மூடிகளைச் சரியான அளவு முறுக்குங்கள். விரலால் சுற்ற வேண்டும். பிடித்துக்கொண்டால் ஹெட்டை இங்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். முன்பே யாராவது ஹெட்டைச் சீவியிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

ஹெட்டின் மொத்த உயரத்தை அளந்து கையேட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நான்கு மூலையிலும் அளங்கள், ஏனென்றால் சரிவாகச் சீவப்பட்டவையும் உண்டு. டைமிங் கணக்குக்கு முன்பக்கம், அதாவது பெல்ட் இருக்கும் பக்கத்து உயரம்தான் வேண்டும். புதுச் சீவலைக் கணக்கிட்டால் மட்டும் போதாது, பழையதையும் கூட்டுங்கள். மூன்று முறை 0.2 எடுத்த ஹெட் 0.6 இழந்திருக்கிறது.

கையேடு கிடைக்கவில்லை என்றால் அதே மாடலின் புது ஹெட் எங்காவது கடையில் இருந்தால் அதை அளந்துகொள்ளலாம். நான் சீவும் ஹெட்டுகளில் எடுத்த அளவைக் கேஸ்கெட் படாத விளிம்பில் எண் குத்தி அனுப்புகிறேன். கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், உங்களுடையதிலும் யாராவது குத்தியிருக்கலாம்.